சீல் மாற்றினால் மட்டும் கசிவு நிற்காது: விசைப்படகுகளின் ஸ்டியரிங் சிலிண்டர் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. அந்த நாட்களில் காசிமேட்டில் படகுகளைக் கரையேற்றி அடிப்பாகம் பார்ப்பதும், வர்ணம் பூசுவதும், என்ஜினை இறக்கிப் பிரித்துப் போடுவதும், கிழிந்த வலைகளை விரித்து வைத்துப் பின்னுவதும் நாளிதழ்களில் படங்களோடு வெளியாகின்றன. அவை எல்லாம் கட்டாயம் நடக்க வேண்டிய வேலைகள்தாம். இருப்பினும், அந்த 61 நாட்களிலும் பெரும்பாலும் யாரும் கைவைக்காமல் விட்டுவிடுகிற ஓர் உறுப்பு படகின் பின்பகுதியில், தளத்துக்குக் கீழே, இருட்டில் கிடக்கிறது. அதுதான் சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் சிலிண்டர். இராயபுரத்தில் லேத்தும் ஹைட்ராலிக் வேலையும் பார்க்கும் சிறு பட்டறை ஒன்றில் 30 ஆண்டுகளுக்கும் மேலாக வேலை செய்தவன் என்ற முறையில், அந்தச் சிலிண்டரில் ஏற்படும் எண்ணெய்க் கசிவைப் பற்றியும், அதை நாம் சரிசெய்யும் முறையில் உள்ள குறையைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகப் படகு உரிமையாளர்களுக்கும் மீன்வளத் துறையினருக்கும் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

படகுத் தொழிலில் இல்லாத வாசகர்களுக்காக அதன் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுகிறேன். பழைய மரப்படகுகளில் சக்கரத்துக்கும் சுக்கானுக்கும் இடையே சங்கிலியும் இரும்புக் கம்பியும் இருந்தன. இப்போதைய இரும்புப் படகுகள் பலவற்றில் டிரைவர் சக்கரத்தைச் சுற்றும்போது அதன் பின்னால் உள்ள சிறிய பம்பு எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த எண்ணெய் இரண்டு குழாய்களில் ஒன்றின் வழியாகப் படகின் பின்பகுதிக்குச் சென்று, சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனோடு இணைந்த ராடு வெளியே வந்து சுக்கான் தண்டின் கையைத் திருப்புகிறது. 50 மி.மீ. உள்விட்டமும், இரு பக்கமும் வெளியே வரும் 25 மி.மீ. ராடும் கொண்ட ஒரு சிலிண்டரில், எண்ணெய் தள்ளும் பரப்பு ஏறத்தாழ 14.7 சதுர செ.மீ. ஆகும். சதுர செ.மீ.க்கு 40 கிலோ அழுத்தம் கிடைத்தால், அந்தச் சிறிய உருளை ஏறத்தாழ 590 கிலோ விசையோடு சுக்கானைத் தள்ளும். ஒரு மனிதர் ஒரு கையால் சுற்றும் சக்கரத்திலிருந்து இவ்வளவு விசை கிடைப்பதற்குக் காரணம், எண்ணெய் அமுங்குவதில்லை என்பதும், அது வெளியேற முடியாதபடி சீல்கள் எனப்படும் ரப்பர் போன்ற வளையங்கள் தடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதும்தான். ராடு வெளியே வரும் வாயில் உள்ள சீல் தேய்ந்தால், இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஓர் இடத்தில் நிலைகுலைகிறது.

கசிவைக் கண்டவுடன் நம் துறைமுகத்தில் பொதுவாகச் சொல்லப்படும் பதில், “சொட்டுதானே, ஒரு கேன் எண்ணெய் சேர்த்து ஏற்றிக்கொள்வோம்” என்பதாகும். 20 சொட்டுகள் ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகும் சிலிண்டர் ஒரு நாளில் ஏறத்தாழ 4 லிட்டர் எண்ணெயை இழக்கும். பத்து நாள் தங்கல் தொழிலுக்குச் செல்லும் படகில் அது 40 லிட்டருக்கு மேல் போகும். செலவு ஒருபுறம் இருக்கட்டும். எண்ணெய் குறையும்போது பம்பின் மேல் உள்ள தொட்டி காலியாகி, எண்ணெய்க்குப் பதிலாகக் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காற்று அமுங்கும் தன்மை உடையது. எனவே சக்கரம் சுற்றும், சுக்கான் திரும்பாது. இது எப்போது நேரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வலை இழுக்கும்போது நேரலாம், கப்பல்கள் வந்துபோகும் பாதையைக் கடக்கும்போது நேரலாம், காற்று எழும்பிய இரவில் முகத்துவாரத்துக்குள் நுழையும்போதும் நேரலாம்.

எனக்கு நெருங்கிய உறவினர் ஒருவரின் படகில் அப்படித்தான் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் அவர் தம் படகின் ஸ்டியரிங் சிலிண்டருக்கு மூன்று முறை சீல் மாற்றினார். வேலை நடந்தது வேறொரு பட்டறையில். அதன் பெயர் இங்கு தேவையில்லை. ஒவ்வொரு முறையும் புது சீல் போட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குச் சிலிண்டர் உலர்ந்தே இருந்தது, அதன் பின் மீண்டும் ஒழுகத் தொடங்கியது. நான்காவது முறை, கரையிலிருந்து நெடுந்தொலைவில், தொழில் தொடங்கிய ஆறாம் நாள் இரவு சக்கரம் முற்றிலும் பிடி விட்டுவிட்டது. வைத்திருந்த ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்தபின் என்ஜின் எண்ணெயை ஊற்றியும் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் சுக்கான் தண்டின் தலையில் ஓர் இரும்புக் குழாயை மாட்டி, இரண்டு தொழிலாளர்கள் மாறி மாறி நின்று கையால் திருப்ப, மற்றொரு படகு கயிறு கட்டி இழுத்துவர, ஏறத்தாழ ஒன்றரை நாள் கழித்துக் காசிமேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஐஸ் கரைந்து மீனில் பாதிக்கு மேல் வீணாயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே எங்கள் குடும்பத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அந்தச் சிலிண்டரை என் பட்டறை மேசையில் வைத்துப் பிரித்தபோது, மூன்றாவதாகப் போட்டிருந்த சீலின் உதடு, அதாவது ராடை ஒட்டி நிற்கும் விளிம்பு, ஒரு பக்கம் மட்டும் அரம் கொண்டு அராவியதுபோல் தேய்ந்திருந்தது. ராடைத் துடைத்து, விரல் நகத்தை அதன் நீளவாக்கில் மெதுவாக இழுத்தேன். நடுவில் இரண்டு இடங்களில் நகம் தட்டுப்பட்டு நின்றது. கடுகைவிடச் சிறிய குழிகள், அவற்றின் ஓரத்தில் பழுப்பு நிறத் துரு. சுக்கான் இடமும் வலமுமாகத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழிகளின் கூரிய விளிம்பு புதிய சீலின் உதட்டைச் சீவிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியிருக்க, மூன்று சீல் என்ன, முப்பது சீல் மாற்றியிருந்தாலும் கசிவு நின்றிருக்காது.

இந்தக் கடிதத்தின் முதன்மையான செய்தி இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரும்பாலான சிலிண்டர்களின் ராடு சாதாரண எஃகினால் ஆனது. அதன் மேல் கடினமான குரோமியம் பூசப்பட்டிருக்கும். அந்தப் பூச்சின் தடிமன் பல ராடுகளில் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே. கண்ணுக்குக் கண்ணாடிபோல் தோன்றினாலும், குரோமியப் பூச்சில் இயல்பாகவே மிக நுண்ணிய வெடிப்புகள் உண்டு. ஆலையிலோ மண்வெட்டும் எந்திரத்திலோ அந்த வெடிப்புகளால் பெரிய தீங்கு விளைவதில்லை. கடலில் நிலைமை வேறு. உப்புநீர் அந்த வெடிப்புகள் வழியாக இறங்கி அடியில் உள்ள எஃகை அடைகிறது. எஃகு துருப்பிடித்துப் பருக்கிறது, பருக்கும் துரு குரோமியத்தை அடியிலிருந்து நெம்பிப் பெயர்க்கிறது. சுக்கான் நேராக இருக்கும் நிலையில் ராடின் எந்தப் பகுதி வெளியே நிற்கிறதோ, அந்தப் பகுதியில்தான் உப்பு அதிகம் படியும். படகு துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் நாட்களிலும், குறிப்பாகத் தடைக்காலத்தின் 61 நாட்களிலும், ராடு அசையாமல் அதே நிலையில் நிற்கிறது. எண்ணெய் பூசிய சீலுக்குள் அது ஒருமுறைகூடப் போய் வருவதில்லை. ஆகவே படகுக்கு ஓய்வு என்று நாம் கருதும் காலமே அந்த ராடுக்கு மிக மோசமான காலமாகிறது. ஜூன் 15-ஆம் தேதி படகு கடலில் இறங்கும்போது, இரண்டு மாதம் உறைந்த உப்பும் துருவும் சீலின் வழியாக உள்ளே போகின்றன. தடைக்காலம் முடிந்த முதல் இரண்டு வாரங்களில் எங்கள் பட்டறைகளுக்குச் சிலிண்டர்கள் வரிசையாக வருவதற்கு இதுவே காரணம் என்பது என் அனுபவம்.

ராடில் இருப்பது மேலோட்டமான கீறல் என்றால், 400 அல்லது 600 எண் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, ராடைச் சுற்றியவாறு தேய்த்து விளிம்புகளைச் சமப்படுத்திவிடலாம். நீளவாக்கில் தேய்க்கக் கூடாது. அந்தக் கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகிவிடும். நகம் தட்டும் ஆழமுள்ள குழி இருந்தால் உப்புத்தாளால் பயனில்லை. பழைய குரோமியத்தை நீக்கி, ராடைக் கிரைண்டிங் செய்து, மீண்டும் பூசி, மீண்டும் கிரைண்டிங் செய்து பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அல்லது கடல்நீருக்கு ஏற்ற 316 வகைத் துருப்பிடிக்காத எஃகில் புது ராடு கடைந்து போட வேண்டும். அந்த எஃகு குரோமியத்தைவிட மென்மையானது, எளிதில் கீறல் விழும் என்பதையும் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். இரண்டுமே சீலின் விலையைப் போலப் பல மடங்கு செலவு வைப்பவை. அதனால்தான் உரிமையாளரும் கேட்பதில்லை, மெக்கானிக்கும் சொல்வதில்லை. என் இளமையில் நானும் சொன்னதில்லை. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருநாள், நான் சீல் மாற்றி அனுப்பிய சிலிண்டர் திரும்பி வந்தபோது, ராடை என் கையில் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னார். அன்று கற்ற பாடத்தை இன்றுவரை விடாமல் கடைப்பிடிக்கிறேன்.

சீல் வாங்குவதிலும் தவறுகள் நடக்கின்றன. கனிம எண்ணெயில் இயங்கும் சிலிண்டருக்கு நைட்ரைல் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் சீல் பொருந்தும். லாரி பிரேக்கில் பயன்படும் ரப்பர் வேறு வகை. அது பிரேக் ஆயிலுக்கென்று செய்யப்பட்டது, கனிம எண்ணெயில் ஊறினால் உப்பிப் போய்விடும். அளவு ஒத்துப்போகிறதே என்று பிரேக் கப்பை ஸ்டியரிங் சிலிண்டருக்குள் போட்டு அனுப்பிய வேலைகளை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அவை இரண்டே வாரத்தில் உப்பி, ராடை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. அதேபோல், அவசரத்துக்குப் பிரேக் ஆயிலைச் சிலிண்டரில் ஊற்றினால் நைட்ரைல் சீல் கெட்டுவிடும். அளவிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சிலிண்டர்கள் சிலவற்றின் ராடு ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இருக்கும். அதற்கு 25 மி.மீ. சீல் போட்டால் கையால் அழுத்தினாலே உட்கார்ந்துவிடும், ஆனால் உதடு எப்போதும் இழுபட்ட நிலையில் இருந்து விரைவில் தேய்ந்துவிடும். வெர்னியர் வைத்து அளக்காமல், பழைய சீலைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு பாரிமுனைக்குச் சென்று கண்ணளவில் ஒப்பிட்டு வாங்குவதுதான் இதற்கெல்லாம் தொடக்கம். பழைய சீல் தேய்ந்தும் உப்பியும் இருக்கும், அதன் அளவு சரியான அளவாக இருக்காது. ராடையும், சீல் உட்காரும் காடியின் விட்டத்தையும் அகலத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போக வேண்டும். கடை வாசலில் ஆணியில் கொத்தாகத் தொங்கி, வெயிலும் காற்றும் பட்டுக் காய்ந்துபோன ரப்பர் வளையங்களை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். விரலால் மடக்கிப் பார்த்தால் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு தெரியும்.

இன்னொன்று. கசிவு சிலிண்டரில்தான் இருக்கிறதா என்பதையே பலர் உறுதி செய்வதில்லை. மேலே குழாய் இணையும் நிப்பிளில் ஒழுகும் எண்ணெய், சிலிண்டரின் உடல் வழியாக வழிந்து ராடு வாயில் சொட்டும். பார்ப்பவர்கள் சீல் போய்விட்டது என்று முடிவு செய்துவிடுவார்கள். சிலிண்டரையும் இணைப்புகளையும் நன்றாகத் துடைத்து உலர்த்தி, சாதாரண முகப் பவுடரை மெல்லியதாகத் தூவிவிட்டு, சக்கரத்தை நாலைந்து முறை இருபுறமும் சுற்றினால், எண்ணெய் எங்கிருந்து புறப்படுகிறது என்பது பவுடரில் ஈரக் கோடாகத் தெரிந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாமல் சிலிண்டர் கெட்டிருப்பதும் உண்டு. பிஸ்டனின் சீல் தேய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உள்ளேயே தாவிவிடும். சுக்கான் கடைசிவரை திரும்பிய பிறகும் சக்கரம் நிற்காமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனால் இந்த ஐயம் எழ வேண்டும். அப்போது சிலிண்டருக்கு வரும் இரண்டு குழாய்களையும் கழற்றி அவற்றின் முனைகளை உரிய மூடிகளால் அடைத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கலாம். சக்கரம் கல்லைப்போல் நின்றுவிட்டால் குறை சிலிண்டரில், அப்போதும் சுற்றினால் குறை பம்பில். பத்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல், நல்ல சிலிண்டரைப் பிரித்துக் கெடுத்த வேலைகள் உண்டு.

பிரிக்கும் வேலையைப் பொறுத்தவரை, தேர்ந்த கைகளுக்கு நான் சொல்ல அதிகம் இல்லை. என்ஜின் நிறுத்தப்பட்டு, சுக்கான் அசையாதபடி கட்டப்பட்டு, அழுத்தம் முழுவதும் இறக்கப்பட்ட பிறகே இணைப்புகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய குழாய் முனைகளை உடனே மூட வேண்டும். பனியன் வேஸ்ட் துணியைத் திணித்து அடைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அதன் ஒரு நூல் பம்பின் வால்வில் சிக்கினால் அடுத்த பழுது அங்கே தொடங்கும். புது சீலின் உதடு அழுத்தம் வரும் உள்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். ராடின் முனையில் உள்ள மரை, சீலைக் கிழிக்காமலிருக்க அதன் மேல் டேப் சுற்றி, எண்ணெய் தடவி நுழைக்க வேண்டும். வெளிப்புறத்தில் உள்ள வைப்பர் சீலை “இது எண்ணெயைத் தடுப்பதில்லையே” என்று மாற்றாமல் விடுவது பெரிய பிழை. உப்பையும் மணலையும் மீன் செதிலையும் ராடிலிருந்து வழித்துத் தள்ளி, உள் சீலைக் காப்பாற்றுவது அதுதான். ராடு வளைந்திருக்கிறதா, சுக்கான் கையோடு இணையும் முனையில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். பக்கவாட்டில் இழுபடும் ராடு எந்தச் சீலையும் ஒரு பக்கமாகத் தின்றுவிடும். வெளியே வரும் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் இருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அதை வடிகட்டி மறுபடி ஊற்றக் கூடாது. புதிய எண்ணெயைத் தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணில் வாங்க வேண்டும். 32, 46, 68 என்று டின்னில் அச்சிட்டிருப்பது 40 டிகிரி வெப்பத்தில் எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். பெரிய எண் நல்ல எண்ணெய் என்று பொருள் அல்ல.

மாட்டி முடித்தபின் காற்றை எடுக்க இருவர் வேண்டும். ஒருவர் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிக்கொண்டே தொட்டியில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ள, மற்றவர் பின்னால் சிலிண்டரின் இரு முனைகளிலும் உள்ள நிப்பிள்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, குமிழி இல்லாத எண்ணெய் வரும்வரை விட வேண்டும். அவசரப்படக் கூடாது. பின்னர் சிலிண்டருக்கு அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வந்து, மறுநாள் காலை அதில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். கறையில்லாத தாளை உரிமையாளரிடம் காட்டிய பிறகே கூலி வாங்குவேன்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை மிகுந்த அக்கறையோடு பதிவு செய்கிறேன். வலை இழுக்கும் வின்ச் ஹைட்ராலிக்கில் இயங்கும் படகுகளில், குழாய்களில் சதுர செ.மீ.க்கு 100 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் இருக்கும். அத்தகைய குழாயில் ஊசித் துளை விழுந்தால், கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க் கீற்று அதிலிருந்து பீய்ச்சும். அதைத் தேடி வெறுங்கையால் தடவுகிறவரின் தோலைத் துளைத்து எண்ணெய் உள்ளே புகுந்துவிடும். மேலே தெரிவது கொசு கடித்தது போன்ற ஒரு புள்ளி மட்டுமே. தொடக்கத்தில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உள்ளே சென்ற எண்ணெய் சதையை அழுகச் செய்யும். சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். துளையைத் தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டு போதும். அப்படிக் காயம் பட்டவரை “நாளை பார்த்துக்கொள்ளலாம்” என்று விடாமல், என்ன எண்ணெய் என்ற விவரத்தோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற பிரிவு நம் துறைமுகத்துக்கு அருகிலேயே, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. இதைப் படகில் வேலை செய்யும் ஒவ்வொரு தம்பியும் அறிந்திருக்க வேண்டும்.

சிலிண்டரிலிருந்து ஒழுகும் எண்ணெய் எங்கே போகிறது என்பதையும் நாம் பேச வேண்டும். படகின் அடியில் தேங்கும் நீரோடு கலந்து, அந்த நீரை வெளியேற்றும் பம்பின் வழியாக அது துறைமுக நீரில்தான் சேர்கிறது. காலையில் சூரியன் ஏறும்போது படகுகளுக்கு இடையே நீரின் மேல் தெரியும் வானவில் நிறப் படலத்தில் எங்கள் சிலிண்டர்களின் பங்கும் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையெங்கும் ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளிகளில் அள்ளிய காட்சியை வடசென்னை மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, வலைகளும் படகுகளும் கறுத்துப்போய்த் தொழிலை இழந்து நின்றவர்கள் நம் உறவினர்களே. பிறர் கொட்டிய எண்ணெய்க்கு நியாயம் கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. அந்த உரிமையோடு நிற்கிற நாம், நம் படகிலிருந்து ஒழுகும் எண்ணெயைச் சோப்புத்தூள் தூவிக் கண்ணுக்கு மறைப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. சோப்பு எண்ணெயை அழிப்பதில்லை. அதைச் சிறு துளிகளாக்கி நீருக்குள் கலக்கிவிடுகிறது, அவ்வளவே. பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு என்றும், அதை அனுமதி பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டின் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. ஆனால் ஒரு படகிலிருந்து வடிக்கும் 10, 15 லிட்டர் எண்ணெயை எடுத்துக்கொண்டு ஒரு தொழிலாளர் எங்கே போவார்? துறைமுகத்தின் உள்ளேயே, எந்த நேரமும் கொண்டுவந்து ஊற்றக்கூடிய மூடிய தொட்டிகள் படகுகள் கட்டும் இடங்களுக்கு அருகில் இருந்தால், கடலில் கொட்ட யாரும் விரும்ப மாட்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே மீன்வளத் துறையினருக்கு என் வேண்டுகோள்கள் இவை. தடைக்காலத்தில் அதிகாரிகள் துறைமுகங்களுக்கு வந்து படகுகளின் பதிவுச் சான்றையும் என்ஜினையும் பாதுகாப்புக் கருவிகளையும் ஆய்வு செய்கிறார்கள். அந்த ஆய்வில் ஸ்டியரிங்கையும் சேர்க்க வேண்டும். சக்கரத்தை இருபுறமும் கடைசிவரை சுற்றிப் பார்ப்பதற்கும், டார்ச் விளக்கு அடித்து ராடைப் பார்ப்பதற்கும், கையால் சுக்கானைத் திருப்புவதற்கான குழாய் படகில் இருக்கிறதா என்று கேட்பதற்கும் ஒரு படகுக்கு ஐந்து நிமிடம் போதும். குறை கண்டால் தண்டிக்கும் நோக்கத்தோடு இதைச் செய்ய வேண்டாம். கடலில் இறங்குவதற்கு முன் சரிசெய்து காட்டச் சொன்னால் போதுமானது. அடுத்து, மத்திய மீன்வளக் கப்பற்கலை மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைப் பிரிவு நம் இராயபுரத்திலேயே இருக்கிறது. மரைன் ஃபிட்டர் படிப்பை நடத்தும் அந்த நிறுவனம், தடைக்கால நாட்களில் எங்கள் பட்டறைப் பையன்களுக்கும் படகு டிரைவர்களுக்கும் ஹைட்ராலிக் வேலையில் ஒரு வாரப் பயிற்சி அளிக்குமானால், வாய்வழியாகக் கேட்டும் தவறு செய்துமே தொழில் கற்கும் நிலை மாறும். அளந்து பார்க்கும் பழக்கம் ஒன்றை மட்டும் அவர்கள் பெற்று வந்தாலும் அது பெரிய பயன். வாய்ப்பளித்தால், பழைய சிலிண்டர்களைக் கொண்டுவந்து பிரித்துக் காட்ட நான் கூலியின்றி வரத் தயாராக இருக்கிறேன்.

படகு உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதைவிடச் சிறியது. படகைக் கட்டிய முதல் நாளே, என்ஜினுக்கு ஆள் சொல்லி அனுப்புவதற்கு முன், பின்பகுதியில் இறங்கி ராடை நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, விரல் நகத்தால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அன்றே சிலிண்டரைக் கழற்றி அனுப்புங்கள். குரோமியம் பூசி வர எடுக்கும் நாட்கள் அந்த இரண்டு மாதத்தில்தான் உங்களிடம் இருக்கின்றன. நகம் தட்டாவிட்டால் வெளியே தெரியும் பகுதி முழுவதும் கிரீஸ் தடவி, முடிந்தால் மடிப்பு ரப்பர் உறை ஒன்றை மாட்டி, வாரம் ஒருமுறை சக்கரத்தை இருபுறமும் சுற்றிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஹைட்ராலிக் பழுதுநீக்கும் தொழிலாளி ஒருவர்,
இராயபுரம், சென்னை - 13.